பூட்டிய கதவு திறந்த நாள்

வருஷம் முழுவதும் மூடிக் கிடக்கும் ஒரு பெரிய மனிதர் வீட்டுக் கதவு ஒரு நாள் விரியத் திறந்திருந்து, "வாருங்கள், வந்து சுற்றிப் பாருங்கள்!" என்று வாசலில் நின்று ஒருவர் அழைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அடுப்பில் இருப்பதை இறக்கி வைத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட மாட்டீர்களா?

பிரான்ஸ் தேசத்தில் ஜனங்கள் அப்படித்தான் கிளம்புகிறார்கள். ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் மாதத்து மூன்றாவது வார இறுதியில் அங்கே கோட்டைகள், மாளிகைகள், பழைய கட்டடங்கள் எல்லாம் பொதுமக்களுக்குத் திறந்து விடப்படுகின்றன. ஜனாதிபதி வசிக்கும் எலிஸே மாளிகைக்குள் கூடச் சாதாரண ஜனங்கள் நுழைந்து, அவர் உட்காரும் நாற்காலியைப் பார்த்துவிட்டு வரலாம். ஜாக் லாங் என்பவர் கலாசார மந்திரியாக இருந்தபோது, 1984-ஆம் வருஷம் இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தார். ஊராருக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. அக்கம்பக்கத்துத் தேசங்களும் பார்த்தன, தாங்களும் செய்தன. 1991-இல் ஐரோப்பிய கவுன்சில் இதை ஐரோப்பா முழுவதற்கும் உரிய 'பாரம்பரிய நாட்கள்' ஆக்கிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பாரிஸில் இருந்தேன். எலிஸே மாளிகைக்குப் போகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அங்கே நின்ற வரிசையின் வாலைத் தேடிக்கொண்டு போனதிலேயே கால் வலி கண்டுவிட்டது. "ராஜாக்கள் வாழ்ந்த இடம் வேண்டுமானால் கிழக்கே போங்கள். முதலாம் நம்பர் மெட்ரோ ரயிலில் ஏறிக் கடைசி ஸ்டேஷனில் இறங்குங்கள்" என்றார் வரிசையில் நின்ற ஒரு பெரியவர். புண்ணியவான்! அவர் சொன்ன யோசனைதான் என்னை வென்சென் கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஓர் ஓக் மரத்தின் கதை

பூமிக்கடியில் ஓடும் ரயிலிலிருந்து இறங்கிப் படியேறி வெளியே வந்தால், எதிரே மதில்! பஸ்ஸும் காரும் பறக்கும் வீதியின் ஓரத்தில், அகழியும் கோபுரமுமாக, 600 வருஷத்துக் கோட்டை ஒன்று நிற்கிறது. பகலில் கண்ட கனவோ என்று கண்ணைக் கசக்கிக்கொள்ளத் தோன்றும்.

கோட்டைக்குள் நுழைவதற்கு முன்னால், அதை ஒட்டியிருக்கும் காட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கோட்டை வருவதற்கு முன்பே இங்கே காடு இருந்தது. 12-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு ராஜாக்கள் வேட்டையாட வந்தால் தங்குவதற்கு இங்கே ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். அடுத்த நூற்றாண்டில் ஒன்பதாம் லூயி ஆண்டார். பின்னாளில் புனிதர் என்று பட்டம் பெற்ற லூயி இவர்தான். கோடைக் காலத்தில், பூஜை முடிந்ததும், இந்தக் காட்டில் ஓர் ஓக் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாராம். வழக்கு உள்ளவர்கள் யார் வேண்டுமானாலும் நேரே அவர் முன்னால் வந்து நிற்கலாம். தடுப்பதற்குச் சேவகன் கிடையாது; பிடித்துத் தள்ளுவதற்குக் காவலாளி கிடையாது. ராஜாவின் நண்பரான ஜுவான்வில் என்ற பிரபு தம் முதுமையில் எழுதி வைத்த புத்தகத்தில் இதைச் சொல்லியிருக்கிறார். அந்த மரம் இன்று இல்லை. ஆனால் பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு அதன் கதை தெரியும்.

இந்த மரத்தடியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கதவில்லாத அந்தக் கச்சேரியிலிருந்துதான் நாம் இப்போது கதவுகள் நிறைந்த கோட்டைக்குள் போகப் போகிறோம்.

பயத்தில் எழும்பிய சுவர்

மதிலுக்குள் பரந்த மைதானம். அதன் ஒரு புறத்தில், தனக்கென்று தனி மதிலும் தனி அகழியும் வைத்துக்கொண்டு, சதுரமாக வானத்தில் எழும்பி நிற்கிறது ஒரு கோபுரம். உயரம் சுமார் 52 மீட்டர். அதாவது 170 அடி. சுவரின் கனம் 3 மீட்டர். நாலு மூலையிலும் நாலு உருண்டைத் தூண் கோபுரங்கள். மத்திய காலத்தில் கட்டி இன்றும் நிலைத்திருக்கும் இத்தகைய கோபுரங்களுள் இதை மிஞ்சியது பிரான்ஸில் வேறில்லை.

இவ்வளவு கனமான சுவர் எதற்கு? பயந்தான் காரணம். 1356-இல் இங்கிலாந்தோடு நடந்த போரில் பிரெஞ்சு ராஜா ஜான் எதிரியிடம் கைதியாகிவிட்டார். இளவரசர் சார்லஸ் ராஜ்யத்தைக் கவனித்துக்கொண்டார். அவருக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. 1358-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம், வியாபாரிகளின் தலைவரான எத்தியென் மார்செல் என்பவர் கூட்டத்தோடு அரண்மனைக்குள் புகுந்தார். இளவரசரின் அறையிலேயே, அவருடைய கண்ணெதிரிலேயே, அவருடைய தளபதிகள் இருவர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்தக் காட்சியைக் கண்ட பையன் பிற்பாடு ராஜாவானதும் பாரிஸ் நகரத்துக்கு வெளியே ஒரு பத்திரமான வீடு தேடியதில் ஆச்சரியம் உண்டா?

அவர் பிறந்ததே வென்செனில்தான். 1361-இல் மும்முரமாகத் தொடங்கிய கோபுர வேலை, ஐந்தாம் சார்லஸ் என்று அவர் பட்டத்துக்கு வந்தபின், 1369-ஆம் வருஷ வாக்கில் முடிந்தது. அதோடு விடவில்லை. ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள வெளி மதிலையும், அதில் ஒன்பது கோபுரங்களையும் 1380-க்குள் எழுப்பி முடித்தார்கள். அந்த ஒன்பதில் இன்று முழு உயரத்தோடு நிற்பது ஒன்றே ஒன்று. மற்றவற்றின் தலையை நெப்போலியன் காலத்தில் பீரங்கி வைப்பதற்காகச் சீவிவிட்டார்கள்!

ராஜாவின் வீட்டுக்குள்

பெரிய கோபுரத்தின் வாசற் கட்டடத்தில் ராஜாவின் படிப்பறை இருந்தது. ஐந்தாம் சார்லஸுக்குப் புத்தகம் என்றால் உயிர். பாரிஸிலிருந்த லூவ்ர் அரண்மனையில் பெரிய நூல் நிலையமே வைத்திருந்தார். மனத்துக்குப் பிடித்த புத்தகங்கள் சிலவற்றை இங்கேயும் வைத்துக்கொண்டார். 1369-இல் வார்க்கப்பட்ட மணி ஒன்று இந்த வாசற் கட்டடத்தின் மேலிருந்து வேளையறிந்து ஒலித்ததாம். சூரியனைப் பார்த்து நேரம் சொன்ன காலத்தில் அது எவ்வளவு பெரிய அதிசயமாக இருந்திருக்கும்!

அங்கிருந்து ஒரு சிறிய பாலத்தைக் கடந்து கோபுரத்தின் முதல் மாடிக்குள் நுழைகிறோம். நட்ட நடுவில் ஒரே ஒரு கல் தூண். குடைக் கம்பிகள் போல அதிலிருந்து வளைவுகள் விரிந்து கூரையைத் தாங்குகின்றன. இது ஆலோசனை மண்டபம். வளைந்து வளைந்து ஏறும் படியில் இன்னும் மேலே போனால் ராஜாவின் படுக்கை அறை. பக்கத்தில் மூலைக் கோபுரத்துக்குள் பொக்கிஷ அறை. கணப்பு அடுப்பு இருக்கிறது. ஒட்டினாற்போல் கழிப்பறையும் இருக்கிறது! வீட்டுக்காரியின் கண்ணோடு பார்த்தால் வசதிக்குக் குறைவில்லை. ஆனால் ஒவ்வொரு வாளித் தண்ணீருக்கும், ஒவ்வொரு விறகுக் கட்டுக்கும் எத்தனை படி ஏறியிருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. ராணிக்கு வாங்கியிராது, சுமந்தவர்களுக்கு வாங்கியிருக்கும்.

இந்த ராஜா எப்படிப்பட்டவர் என்று நமக்குச் சொல்லியிருப்பவர் ஒரு பெண்மணி. அவர் பெயர் கிறிஸ்தீன் தெ பிஸான். அவருடைய தகப்பனார் ஐந்தாம் சார்லஸின் சபையில் ஜோசியராகவும் வைத்தியராகவும் இருந்தவர். கிறிஸ்தீன் இருபத்தைந்து வயதிலேயே கணவனை இழந்தார். குழந்தைகளையும் தாயாரையும் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு தலையில் விழுந்தது. அந்த அம்மாள் பேனாவை எடுத்தார்! எழுதியே குடும்பத்தைக் காப்பாற்றினார். 1404-இல் அவர் எழுதிய நூல் ஒன்று சார்லஸின் வாழ்க்கையைச் சொல்கிறது. காலையில் பூஜை முடித்துவிட்டு ராஜா வெளியே வந்தால், பணக்காரர், ஏழை, பெரிய இடத்துப் பெண்கள், விதவைகள் என்று யாரும் தங்கள் மனுவை அவரிடம் நேரே சொல்லலாம் என்கிறார் கிறிஸ்தீன். விதவைகளை மறக்காமல் அவர் சேர்த்துக்கொண்டதைக் கவனித்தீர்களா? கணவன் போனபின் தமக்குச் சேரவேண்டிய பணத்துக்காக வருஷக் கணக்கில் கச்சேரிக் கதவைத் தட்டியவர் அவர். திறந்த கதவின் அருமை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அவர் என்ன தப்புப் பண்ணினார்?"

காலம் மாறியது. பதினான்காம் லூயி வெர்ஸேல்ஸில் பெரிய அரண்மனை கட்டிக்கொண்டு போய்விட்டார். ராஜா இல்லாத கோபுரத்தை வேறு எதற்குப் பயன்படுத்துவது? வெளியார் உள்ளே வர முடியாத வீடு, உள்ளே இருப்பவர் வெளியே போகவும் முடியாத வீடுதானே! ஏற்கெனவே அவ்வப்போது சிறையாக இருந்த கோபுரம், இப்போது முழுச் சிறையாகவே ஆகிவிட்டது. ராஜாக்களின் அறைகளை அடுத்த சின்ன அறைகளுக்குக் கனத்த கதவுகள் போட்டார்கள். கைதிகள் சுவரில் கீறிய எழுத்துக்களையும், தீட்டிய சித்திரங்களையும் இன்றும் பார்க்கலாம்.

அப்படி ஓர் அறையில் நான் நின்றுகொண்டிருந்தபோது ஒரு தாயும், ஐந்தாறு வயதுள்ள அவள் பெண்ணும் உள்ளே வந்தார்கள். சுவரை உற்றுப் பார்த்த குழந்தை, இங்கே யாரைப் பூட்டி வைத்தார்கள் என்று கேட்டாள். பலபேரை, திதரோ என்று ஒருவரையும்கூட என்றாள் தாய்.

"அவர் என்ன தப்புப் பண்ணினார்?"

"புத்தகம் எழுதினார்."

குழந்தை தாயின் முகத்தைப் பார்த்தாள். "அதற்கா?" என்றாள்.

என்னிடமிருந்த அரைகுறைப் பிரெஞ்சில் அவ்வளவும் எனக்குப் புரிந்துவிட்டது. அந்த 'அதற்கா?' மட்டும் வெகு நேரம் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

அதற்குத்தான்! 1749-ஆம் வருஷம் ஜூலை மாதம், குருடர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, அதில் சமயத்துக்கு விரோதமான கருத்துக்களைச் சொன்னார் என்று திதரோவைப் பிடித்து வந்து இங்கே அடைத்தார்கள். கோர்ட்டு விசாரணை கிடையாது. 'முத்திரைக் கடிதம்' என்று ஒன்று உண்டு. ராஜாவின் கையெழுத்தும் முத்திரையும் பதிந்த துண்டுக் காகிதம். அது போதும், எந்த மனிதரையும் எத்தனை நாள் வேண்டுமானாலும் பூட்டி வைக்கலாம். அப்போது திதரோ பிரம்மாண்டமான ஒரு கலைக்களஞ்சியத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தார். முதல் போட்ட புத்தக வியாபாரிகள், "ஐயோ, எங்கள் பணம்!" என்று பதறிக்கொண்டு போய் மனுக் கொடுத்தார்கள். சில வாரங்களில் கோபுரத்திலிருந்து இறக்கி, கோட்டைக்குள் நடமாட விட்டார்கள். நவம்பரில் விடுதலை. இரண்டு வருஷம் கழித்து, 1751-இல், களஞ்சியத்தின் முதல் தொகுதி வெளிவந்தது.

அவரைப் பார்ப்பதற்காகப் பாரிஸிலிருந்து நடந்தே வந்த நண்பர் ஒருவர் உண்டு. வண்டிக்குக் கொடுக்கக் கையில் காசில்லாத ரூஸோதான் அவர். வழியில் படிப்பதற்கு ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்தார். அதில் ஒரு கட்டுரைப் போட்டி அறிவிப்பு இருந்தது. கலைகளும் சாஸ்திரங்களும் வளர்ந்ததால் மனிதரின் ஒழுக்கம் உயர்ந்ததா என்பது கேள்வி. படித்ததும் தலை சுற்றி, ஒரு மரத்தடியில் விழுந்து, கண்ணீரில் சட்டை நனைந்ததுகூடத் தெரியாமல் கிடந்தாராம். அந்தக் கட்டுரைதான் 1750-இல் பரிசு பெற்று அவரை உலகறியச் செய்தது. பாருங்கள், வென்சென் வழியில் மறுபடியும் ஒரு மரத்தடி!

இன்னொரு வேடிக்கை. திதரோ கம்பிக்குள் இருந்த அதே சமயம், இதே கோட்டை வளாகத்தில் ஒரு பீங்கான் தொழிற்சாலை நடந்துகொண்டிருந்தது. 1740-இல் தொடங்கிய அந்தச் சாலையில் பெண்கள் உட்கார்ந்து இதழ் இதழாகப் பீங்கான் பூக்கள் செய்தார்கள். 1756-இல் அது ஸெவ்ர் என்ற ஊருக்குப் போய், உலகப் புகழ் பெற்றது. ஒரு பக்கம் உடையாத கதவு. ஒரு பக்கம் தொட்டால் உடையும் பூ!

தகப்பனார் வாங்கிய கடிதம்

முத்திரைக் கடிதம் ராஜாவின் கோபத்துக்கு மட்டும் பயன்படவில்லை. அடங்காத மகனை அடைக்கத் தகப்பனும், பிடிக்காத மனைவியை அடைக்கக் கணவனும்கூடச் செல்வாக்கைப் பிடித்து அதை வாங்கினார்கள். மிரபோ என்ற பிரபுவின் மகன், இன்னொருவர் மனைவியான சோபி என்பவளோடு ஓடிப்போனான். தப்புத்தான். அவனுக்கு வென்செனில் 1777 முதல் 1780 வரை சிறைவாசம். அவளுக்குக் கன்னிமாடத்தில் காவல். கம்பிக்குள்ளிருந்து அவன் சோபிக்குக் காதல் கடிதங்கள் எழுதினான். அதோடு, முத்திரைக் கடிதம் என்னும் அக்கிரமத்தைக் கண்டித்து ஒரு புத்தகமும் எழுதினான். பிறகு பிரெஞ்சுப் புரட்சியில் பெரிய பேச்சாளராகப் புகழ்பெற்ற மிரபோ இவர்தான்.

1784-இல் வென்சென் சிறையை மூடினார்கள். ஆனாலும் மூடிய கதவின் பழக்கம் லேசில் போகுமா? 1804-ஆம் வருஷம் மார்ச் மாதம், நெப்போலியனின் ஆட்கள் ஆங்கியென் என்ற இளம் பிரபுவைப் பிடித்து வந்தார்கள். இராத்திரியோடு இராத்திரியாக இங்கே விசாரணை நடந்தது. பொழுது விடிவதற்குள் அகழியில் நிறுத்திச் சுட்டுவிட்டார்கள்.

கோயில் நடனக்காரி என்று சொன்னவள்

அடுத்தது நம் காதில் விழுந்தால் திரும்பிப் பார்க்க வைக்கும் கதை. 1905-இல் பாரிஸையே மயக்கிய ஒரு நடனக்காரி இருந்தாள். பெயர் மாத்தா ஹாரி. தென்னிந்தியாவில் கோயில் நடனமாடும் ஒருத்திக்குப் பிறந்தவள் தான் என்று சொல்லிக்கொண்டாள். அத்தனையும் கற்பனை! அவள் டச்சு தேசத்துப் பெண். உண்மைப் பெயர் மார்கரேதா ஸெல்லே. ஜாவாவில் கணவனோடு வாழ்ந்து, பிள்ளையைப் பறிகொடுத்து, கணவனையும் பிரிந்து, கையில் ஒன்றுமில்லாமல் பாரிஸுக்கு வந்தவள். நம் ஊர்ப் பெயரைச் சொல்லிப் பிழைத்தாள்.

முதல் உலக யுத்தத்தில், ஜெர்மனிக்கு வேவு பார்த்தாள் என்று அவளைக் கைது செய்தார்கள். ராணுவ நீதிமன்றத்தில், மூடிய கதவுக்குள் விசாரணை. 1917-ஆம் வருஷம் அக்டோபர் 15-ஆம் தேதி விடியற்காலையில், கோட்டையை அடுத்த ராணுவ மைதானத்தில் அவளை நிறுத்தினார்கள். கண்ணைக் கட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். வயது 41. அவள் செய்த குற்றம் உண்மையில் எவ்வளவு என்று சரித்திர ஆசிரியர்கள் இன்னும் தர்க்கம் செய்கிறார்கள். பிரெஞ்சு ராணுவத்தின் ஆவணக் காப்பகம் இன்று இதே கோட்டை வளாகத்தில்தான் இருக்கிறது. 100 வருஷம் கட்டி வைத்திருந்த அவளுடைய வழக்குக் காகிதங்கள் 2017-இல் வெளியே வந்தன. கட்டு அவிழ்ந்தது, அவள்தான் இல்லை.

இரண்டாவது உலக யுத்தத்தில் இங்கே ஜெர்மானியர் இருந்தார்கள். 1944 ஆகஸ்டில், பாரிஸ் விடுதலை பெறுவதற்குச் சில நாட்கள் முன்னால், பிணைக் கைதிகளை இந்த அகழியில் சுட்டுக் கொன்றார்கள். ஓடும்போது வெடி வைத்துக் கட்டடங்களையும் பாழாக்கினார்கள். பெரிய கோபுரம் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றது. பின்னால் அதற்கும் தளர்ச்சி கண்டு, 1995-இல் மூடினார்கள். 12 வருஷம் பழுது பார்த்து, 2007-இல்தான் மறுபடி திறந்தார்கள்.

மாலையில்

வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. எதிரே ஐந்தாம் சார்லஸ் 1379-இல் ஆரம்பித்து, 1552-இல் இன்னொரு ராஜா முடித்து வைத்த கோயிலின் உச்சி பொன்னாக மின்னியது. மைதானம் முழுவதும் ஜனங்கள். கிழவிகள் புல்லில் உட்கார்ந்து ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தார்கள். ராஜாவின் அனுமதியில்லாமல் ஒரு காலத்தில் யாரும் தாண்ட முடியாத வாசலில் குழந்தைகள் உள்ளேயும் வெளியேயும் ஓடிப் பிடித்து விளையாடினார்கள். யாரும் அவர்களை அதட்டவில்லை.

எனக்கு அந்த ஓக் மரத்தின் ஞாபகம் வந்தது. எல்லோரும் பார்க்க, எல்லோரும் கேட்க நியாயம் சொன்ன இடத்தில், பிற்பாடு யாரும் பார்க்காமல், யாரும் கேட்காமல் எத்தனை தீர்ப்புகள்! ராஜாவின் பெருமையைக் காட்டுவதற்கு மட்டும் அந்த ஜனங்கள் கதவைத் திறந்திருந்தால் எனக்கு அவ்வளவாகத் தோன்றியிராது. படுக்கை அறையையும் காட்டினார்கள். பக்கத்திலிருந்த சிறையையும் காட்டினார்கள். அதனால்தானே அந்தச் சின்னப் பெண்ணுக்கு 'அதற்கா?' என்று கேட்கத் தோன்றியது?

திரும்பும் ரயிலில் அவளும் இருந்தாள். தாயின் மடியில் தலையை வைத்துத் தூங்கிப் போயிருந்தாள். கையில் கோட்டையின் படம் போட்ட காகிதம் கசங்கிக் கிடந்தது.

பாரிஸுக்குப் போகும் பாக்கியம் உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ கிடைத்தால், ஈபில் கோபுரத்தோடு திரும்பிவிடாதீர்கள். முதலாம் நம்பர் ரயிலில் ஏறுங்கள். கடைசி ஸ்டேஷன் வரை உட்கார்ந்திருங்கள். அது செப்டம்பர் மாதத்து மூன்றாவது வார இறுதியாக இருந்தால் இன்னும் விசேஷம். அன்று டிக்கெட்டுக்குக் காசு கேட்கமாட்டார்கள்!